வந்த வண்டிக்குக் காத்திருந்த கெர்னல்

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து பக்கம் தண்டவாளம் பிரியுது: சென்னை, விருத்தாசலம், கடலூர், திருவண்ணாமலை, புதுச்சேரி. திண்டிவனத்தில் ரயிலேறி திருவண்ணாமலை போகிறவர் இங்கே வண்டி மாறணும். இணைப்பு வண்டி வந்தால்தான் எடுப்பேன் என்று ஒரு வண்டி நிற்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு வண்டி எப்பவோ வந்து பக்கத்து பிளாட்பாரத்தில் நிற்குது. அறிவிப்பு மட்டும் வரலை. 2021 தொடக்கத்தில் லினக்ஸ் கெர்னலில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

எம்பெடட் போர்டில் எந்தச் சில்லு எதோடு இணைஞ்சிருக்கு என்பதை கெர்னல் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு சொல்லணும். எஸ்டி கார்டு கன்ட்ரோலருக்கு ஒரு கிளாக் வேணும், ஒரு ரெகுலேட்டர் வேணும். அவை தயாராகும் முன் அதன் டிரைவர் எழுந்தால்? 2012இல் இதற்கு ஒரு வழி வந்தது: டிரைவர் "அப்புறம் வரேன்" என்று விலகி, பிறகு மறுபடி முயலும். வேலை நடந்தது; ஆனால் வீண் அலைச்சல்.

கூகுளைச் சேர்ந்த சரவணா கண்ணன் எழுதிய எஃப்டபிள்யூ டெவ்லிங்க் வேறு மாதிரி. டிவைஸ் ட்ரீயைப் படித்து, யாருக்கு யார் தேவை என்று முன்கூட்டியே கணக்குப் போடும். கொடுப்பவர் தயாராகாமல் வாங்குபவரை எழுப்பாது. 5.12க்கான வேலையில் இது எல்லாப் போர்டுக்கும் இயல்பாகவே ஆன் செய்யப்பட்டது. சாம்சங் எக்ஸினாஸ், ரெனசாஸ் போர்டுகள் சில பூட் ஆகாமல் நின்றன.

ஏன்? சில கிளாக்குகளும் இன்டரப்ட் கன்ட்ரோலர்களும் டிரைவர் அமைப்பு எழும் முன்பே நேரடியாக இயக்கப்பட்டுவிடும். அவை ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். 'தயார்' என்ற பதிவு மட்டும் இருக்காது. அவற்றை நம்பிய ஸ்டோரேஜ் கடைசிவரை எழாது. சீரியல் கன்சோலில் ரூட் டிவைஸுக்குக் காத்திருப்பதாக ஒரு வரி, அவ்வளவுதான். எரர் என்று எதுவும் இருக்காது. இந்த வகைக் கோளாறில் என்னை ரொம்பப் படுத்துவது அந்த மௌனம்தான்.

பூட் வரியில் டெவ்லிங்கை 'பெர்மிசிவ்' என்று மாத்திப் பாருங்க. போர்டு எழுந்துட்டா காரணம் தெரிஞ்சுபோச்சு. எழலைன்னா கிட் பைசெக்ட். ஆயிரம் மாற்றம் இருந்தாலும் சுமார் பத்து பூட்டில் ஆளைப் பிடிச்சிடலாம். இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். விழுப்புரத்தில் கனூ/லினக்ஸ் பயனர் குழு இருக்கு. அதில் யாரிடமாவது பழைய போர்டும் யூஎஸ்பி சீரியல் கேபிளும் இருந்தால் போதும்.

2021 மார்ச்சில் சரவணாவே தன் மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். ஏப்ரலில் 5.12 அது இல்லாமலே வந்தது. பிறகு தெரியவந்த சிக்கல்களைத் திருத்தினார்கள். ஜூனில் வந்த 5.13இல் டெவ்லிங்க் மறுபடி ஆன். கிட் வரலாற்றில் அந்தப் பேட்சின் தலைப்பு 'ரிவர்ட் ரிவர்ட்' என்றுதான் தொடங்கும்.