வேலியோரத்துக் காந்தள்



நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், பாடத்தில் காந்தள் என்னும் சொல் வரும்போதெல்லாம் 'அஃது ஒரு மலர்' என்று கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிடுவேன். ஒருநாள் மாணவன் ஒருவன், "ஐயா, அதனைத் தாங்கள் கண்டதுண்டா?" என்று வினவினான். இல்லை என்று சொல்ல நாணினேன். அன்று மாலையே முதிய தமிழாசிரியர் ஒருவரை அணுகிக் கேட்டேன். அவர் என்னைப் பள்ளி வேலியோரம் அழைத்துச் சென்று, நாங்கள் நாள்தோறும் கடந்து சென்ற கார்த்திகைப்பூவைச் சுட்டிக் காட்டினார். அதுவே காந்தள்!

இம்மலரின் வரலாறு நெடியது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லப்படும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தளே. திருமுருகாற்றுப்படை முருகனுக்குச் சூட்டுவதும் காந்தட் கண்ணியே. பசுமையாய் அரும்பி, மஞ்சளாய் விரிந்து, செந்நிறமாய் முதிரும் அதன் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து தீக்கொழுந்துபோல் நிற்கும். மகளிர் விரலுக்குப் புலவர் அதனை உவமை கூறியதன் பொருத்தம், மலரை நேரில் கண்டாலன்றி விளங்காது.

1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு இதற்குக் 'குளோரியோசா சூப்பர்பா' என்று பெயரிட்டார். முன்னர் அல்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடியைத் தாவரவியலார் இன்று வேறு குடும்பத்தில் சேர்க்கின்றனர். ஆப்பிரிக்காவிலும் இது இயற்கையாக வளர்கிறது. சிம்பாப்வே நாட்டின் தேசிய மலர் இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

உழவர்கள் கிழங்கின் வடிவு நோக்கிக் கலப்பைக் கிழங்கு என்றனர். கண்வலிக்கிழங்கு என்பதும் இதன் பெயர். இதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் ஊளைச்சதை நோய்க்கன்று, மூட்டுகளை வாட்டும் கவுட் நோய்க்கு மருந்தாகிறது. ஆயினும் அதுவே கொடிய நஞ்சு. கிழங்கோ விதையோ வயிற்றுட் சென்றால் உயிர் போகும். மருந்துக்கென்று காடுகளில் கிழங்குகளை அகழ்ந்தெடுத்ததால் பல இடங்களில் இக்கொடி அருகிவிட்டது.

ஆகவே, காட்டுக் கொடியைத் தோண்டாதீர்கள். பயிரிடுவோரிடம் கிழங்கு பெற்று, பெரியோர் துணையுடன் ஆடி மாதத்தில் வேலியோரம் நடுங்கள். முளைவிடும் முனை முறிந்தால் கிழங்கு முளைக்காது. நீர் தேங்கினால் அழுகும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாவதால் அருகில் ஒரு கொம்பு வேண்டும். பூத்து ஓய்ந்து கொடி காய்ந்ததும் நீர் விடுவதை நிறுத்துங்கள். கிழங்கு மண்ணுள் உறங்கி அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்க்கும். சிறு குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடமாகத் தேர்தல் இன்றியமையாதது. கிழங்கைத் தொட்ட கையை நன்கு கழுவுங்கள்.

உரைநூல் 'ஒரு மலர்' என்று மட்டுமே கூறும். எம்மலர் என்பதை உங்கள் வேலி கூறட்டும். என்னை வினவிய அம்மாணவனைப்போல் நாளை ஒருவன் வினவும்போது, நீங்கள் நாண வேண்டுவதில்லை. அவனை அழைத்துச் சென்று காட்டலாம்.