நகக் கொக்கியின் கதை: மௌசர் முதல் ரெமிங்டன் வரை

போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு யாராவது கேட்டால், வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைக் காட்டினால் போதும். தள்ளி, கைப்பிடியை மடக்கினால் பூட்டிக்கொள்ளும். கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் திறக்கும். திறக்கும்போது சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே வந்து விழும். மறுபடி தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

நான் துப்பாக்கி சுட்டதில்லை, வேட்டையிலும் விருப்பமில்லை. ஜிம் கார்பெட்டைப் படிக்கப் போய்த்தான் இதற்குள் வந்து விழுந்தேன். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெஃப்டினென்ட் கவர்னர் ஹியூவெட் அவருக்கு ஒரு ரைஃபிளைப் பரிசாகக் கொடுத்தார். லண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275. பேர்தான் ரிக்பி, உள்ளே இருந்த இயந்திரம் ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப் ஊரில் செய்த மௌசர். தோட்டாவும் மௌசரின் 7 மி.மீ. தோட்டாதான்; ஆங்கிலேய வாடிக்கையாளருக்காக அங்குலக் கணக்கில் பெயர் மாற்றினார்கள். அந்தத் துப்பாக்கி நூறு வருஷம் தாண்டி இன்றும் இருக்கிறது. ஏன் இவ்வளவு நாள் உழைக்குது? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பால் மௌசரின் 1898 மாடலில் மூன்று விஷயங்களைக் கவனிக்கணும். முதலாவது, தாழ்ப்பாளின் முன்முனையில் இரண்டு பூட்டுப் பற்கள். அவை உடைந்தால் தாங்கிக்கொள்ளப் பின்னால் மூன்றாவதாக ஒன்று. இரண்டாவது, தோட்டாக்கூடு கிழிந்து சூடான வாயு பின்பக்கம் வந்தால், சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் வேறு பக்கம் போக தாழ்ப்பாளிலேயே துளைகள். மூன்றாவதுதான் முக்கியம்: தாழ்ப்பாளின் பக்கவாட்டில் நீளமான பட்டையான ஒரு நகக் கொக்கி. தோட்டா பெட்டியிலிருந்து மேலே எழும்போதே அதன் விளிம்பு இந்தக் கொக்கிக்குள் நுழைந்துவிடும். குழலுக்குள் போய்ச் சேரும்வரை பிடி விடாது.

இதனால் என்ன லாபம்? பதற்றத்தில் இருப்பவர் தாழ்ப்பாளைப் பாதி தள்ளிவிட்டு மறுபடி இழுப்பார். கொக்கி பிடித்திருந்தால் அந்தத் தோட்டா கூடவே திரும்பி வந்து வெளியே விழும். பிடிக்காவிட்டால் அது முன்னாலேயே கிடக்கும். அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டி, இரண்டும் சிக்கிக்கொள்ளும். மானுக்கு முன்னால் இது நடந்தால் மான் ஓடிவிடும். காயம்பட்ட புலிக்கு முன்னால் நடந்தால்?

இந்த வடிவமைப்பின் மதிப்பு அமெரிக்க அரசுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தங்கள் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் மௌசரின் காப்புரிமைகள் இருந்ததால் 2 லட்சம் டாலர் கட்டினார்கள்.

வேட்டைக்கென்றே வின்செஸ்டர் 1936இல் கொண்டுவந்த மாடல் 70யும் இந்த நகக் கொக்கியோடுதான் வந்தது. அதன் பாதுகாப்பு விசைக்கு மூன்று நிலைகள். அது விசையை மட்டும் தடுப்பதில்லை, சுடும் ஊசியையே பூட்டிவிடும். ஆனால் இதையெல்லாம் செய்ய இரும்பை நிறையக் குடையணும், கைவேலையும் அதிகம்.

இங்கேதான் ரெமிங்டன் வேறு வழி யோசித்தது. 1948இல் 721, 722; அதன் வழியில் 1962இல் மாடல் 700. உடல் பகுதியை உருண்டைக் கம்பியிலிருந்து கடைசல் பிடித்தார்கள். பெரிய கொக்கிக்குப் பதில் தாழ்ப்பாளின் முகத்துக்குள் ஒரு சின்ன வில். தாழ்ப்பாள் தோட்டாவைத் தள்ளிக்கொண்டுதான் போகும். முழுசா மூடும்போதுதான் அந்த வில் விளிம்பைப் பிடிக்கும். விலை குறைந்தது. மட்டமான சரக்கா என்றால் இல்லை. தோட்டாவின் அடிப்பாகத்தை இரும்பு சுற்றிலும் மூடியிருப்பதால் கூடு கிழிந்தாலும் பலமாகத் தாங்கும். குறியும் சுத்தமாக இருக்கும். அமெரிக்க மரைன் படையின் எம்40, ராணுவத்தின் எம்24 ஸ்னைப்பர் ரைஃபிள்கள் இரண்டுக்கும் அடிப்படை இந்த 700தான்.

போட்டியைத் தாங்க முடியாமல் 1964இல் வின்செஸ்டரும் நகக் கொக்கியைக் கைவிட்டது. கட்டையில் கையால் செதுக்கிய பூவேலை போய், அச்சில் அழுத்திய வேலை வந்தது. வாங்குபவர்கள் கொதித்துப் போனார்கள். '64க்கு முந்தியது' என்பது அன்றிலிருந்து பழைய துப்பாக்கிச் சந்தையில் தனி அந்தஸ்தாகி, விலையும் ஏறியது. கடைசியில் 1990களில் கம்பெனியே பழைய கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது.

நம்மூர்க் கதை வேறு. 'த்ரீ நாட் த்ரீ' என்று நாம் சொல்லும் லீ என்ஃபீல்டில் பூட்டுப் பற்கள் தாழ்ப்பாளின் பின்பக்கம். பலத்தில் மௌசருக்கு ஒரு படி கீழே. வேகத்தில் மேலே, பெட்டியில் 10 தோட்டா வேறு. வங்காளத்தின் இச்சாபூர் தொழிற்சாலையில் இது ஏராளமாகத் தயாரானது. .303 பொதுமக்களுக்குத் தடை என்பதால், அதே இயந்திரத்தில் .315 குழல் மாட்டி உரிமம் உள்ளவர்களுக்கு விற்றார்கள்.

ஆனால் ஒன்று. பெரும்பாலான துப்பாக்கிகளைக் கொன்றது இயந்திரக் கோளாறு இல்லை, துரு. பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து எரிந்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், சீக்கிரமே துரு பிடித்துவிடும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். மரக்கட்டையும் ஈரத்தில் ஊதிக் குழலை நெருக்கும், குறி தப்பும். பின்னாளில் துருப்பிடிக்காத எஃகும் ஃபைபர் கட்டையும் வந்தது இதற்காகத்தான்.

ஆக, எது அதிக நாள் உழைக்கும் என்று என்னைக் கேட்டால் மௌசர் என்பேன். காரணம் அதன் கனமான இரும்பு இல்லை. பல் உடையும், கூடு கிழியும், சுடுபவர் பதறுவார் என்று முன்கூட்டியே நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார் அந்த மனுஷன். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இங்கே புலி வேட்டைக்கு இடமே இல்லை, அது நல்லது. ஆனால் ஒரு பொருளை எப்படிச் செய்யணும் என்று யோசிப்பவர்களுக்கு அந்தக் கொக்கி இன்னும் பாடம்தான்.