குள்ளர் இனமும் ஆனைமலையில் நீண்ட அளவுகோலும்

பொள்ளாச்சிப் பக்கம் கல்லூரி மாணவர்களோடு பேசும்போது, இப்போதெல்லாம் ஒரு விளையாட்டின் பெயர் அடிக்கடி காதில் விழுகிறது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. பாத்திரத்தை உருவாக்கும்போதே இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதர், எல்ஃப், குள்ளர் என்று பட்டியல் இருக்கும். குள்ளராகப் பிறந்தவருக்குக் கல்லைப் பற்றிய அறிவு பிறவியிலேயே உண்டு, விஷம் எளிதில் ஏறாது, இருட்டிலும் கண் தெரியும்.

இந்த விளையாட்டின் பழைய விதிகளைப் படித்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். 1974இல் அமெரிக்காவில் வந்த முதல் பதிப்பில் குள்ளர் போர்வீரராக மட்டுமே ஆகலாம், அதிலும் ஆறாவது நிலைக்கு மேல் ஏற முடியாது. மனிதருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. 1981ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. மனிதராகப் பிறந்தால் போர்வீரரா, மந்திரவாதியா, திருடரா, பூசாரியா என்று தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம். குள்ளராகப் பிறந்தால் தொழிலின் பெயரே ‘குள்ளர்’தான். 2000ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தத் தடைகளை எடுத்துவிட்டது. ஆனாலும் குள்ளருக்கு உடலுறுதியில் இரண்டு புள்ளி கூடும், வசீகரத்தில் இரண்டு குறையும் என்று அதிலும் எழுதிவைத்தார்கள். மநுவைப் படித்துவிட்டு யாரும் இதை எழுதவில்லை. ஆனால் சேரியில் பிறந்தவர்களுக்கு இந்த விதிப் புத்தகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குள்ளர்கள் பெரும்பாலும் டோல்கீனின் கதைகளிலிருந்து வந்தவர்கள். 1937இல் ‘தி ஹாபிட்’ நாவலை வெளியிட்ட அவர், தம் குள்ளர்கள் யூதர்களை நினைவூட்டுவதாகப் பின்னாளில் தாமே சொன்னார். சொந்த நிலத்தை இழந்தவர்கள், போன இடத்து மொழியைப் பேசிக்கொண்டு தங்கள் மொழியை வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள். அதோடு தங்கத்தின் மீது தீராத ஆசை கொண்டவர்கள் என்ற ஐரோப்பியப் பழிச்சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டது. நாஜி ஜெர்மனியின் பதிப்பகம் ஒன்று 1938இல் அவருடைய வம்சத்தை விசாரித்தபோது கடும் எரிச்சலோடு பதில் எழுதியவரும் இதே டோல்கீன்தான். இனவெறியை வெறுத்த ஒருவரின் கற்பனைக்குள்ளும் ‘ஒரு இனம், ஒரு குணம்’ என்ற கணக்கு நுழைந்துவிட்டது. அவர் வளர்ந்த காலத்தில் அந்தக் கணக்குக்கு அறிவியல் என்று பெயர்.

அந்த ‘அறிவியல்’ நம் ஊர் மலைக்கும் ஏறி வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அளவுகருவிகளோடு ஆனைமலைக் காடர்களிடம் போனார். உயரம், தலையின் அகலம், மூக்கின் நீள அகலம் எல்லாவற்றையும் அளந்தார். குட்டையான உடல், கறுத்த தோல், அகன்ற மூக்கு என்று பதிவு செய்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ நூலைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மக்களுக்கும் உடலளவு, தொழில், குணம், பழக்கம் என்று விரிகிறது. பாத்திர அட்டைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விளையாட்டில் அட்டையை நாமே நிரப்புகிறோம். காடர்களுக்கு வேறு யாரோ நிரப்பினார்கள்.

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி இதையே சாதிக்கும் கொண்டுபோனார். மூக்கு அகல அகலச் சாதிப் படி கீழே இறங்கும் என்பது அவருடைய கோட்பாடு. இதற்கு வந்த பதில்களில் நமக்கு நெருக்கமானது அண்ணல் அம்பேத்கருடையது. 1948இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அவர் அளவுகோலைத் தூக்கி எறியவில்லை. அதையே கையில் எடுத்தார். அவர்கள் அளந்த மூக்களவுகளை வரிசையாக வைத்து, பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் இன வேறுபாடு கிடையாது என்று அவர்கள் எண்களாலேயே காட்டினார். தோழர்கள் அந்த அத்தியாயத்தையாவது அவசியம் படிக்க வேண்டும்.

ஆனால் ‘ரத்தத்திலேயே ஊறியது’ என்ற பேச்சு மூக்களவோடு சாகவில்லை. காடர்கள் தேன் எடுப்பதைப் பற்றி இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். உயரமான மரத்தில் இரவில் ஏறுவது அப்பாவும் மாமாவும் பல ஆண்டுகள் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்த வேலை. ரத்தம் என்று சொல்லிவிட்டால் அது கற்ற கல்வியாக ஆகாது, அதற்கேற்ற கூலியும் கொடுக்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று கவலைக் கிணறு. மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்குத் தோல் பறி தைத்தவர்கள் அருந்ததியர்கள். தோலைப் பதமாக்குவது, தைப்பது, ஒழுகினால் ஒட்டுப் போடுவது எல்லாம் நுணுக்கமான வேலை. அவர்கள் தைத்த பறியில்லாமல் அன்றைய தோட்டங்கள் விளைந்திருக்காது. அதையும் ‘அவர்கள் பிறவித் தொழில்’ என்றுதான் ஊர் சொன்னது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, அதன் பின்னால் மோட்டார் பம்புசெட்டுகள் தோட்டம் தோட்டமாக வந்தன. கவலை ஓய்ந்தது, பறி தைக்கும் கையும் ஓய்ந்தது. ரத்தத்தில் ஊறியதாகச் சொன்ன தொழில் ஓரிரு தலைமுறையில் காணாமல் போனது. காலனியும், தனிக் குவளையும், குப்பை வண்டி வேலையும் மட்டும் போகவில்லை. அப்படியானால் பிறப்போடு ஒட்டியிருந்தது எது? தொழிலாளர்களையே பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று சாதியை அண்ணல் 1936இலேயே அடையாளம் காட்டியிருந்தார்.

விளையாட்டுக்காரர்கள் மாறிக்கொண்டு வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டர் 2019இல் ‘இனம்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘மூதாதை வழி’ என்று மாற்றியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பதிப்பில் ‘இனம்’ போய் ‘உயிரினம்’ வந்திருக்கிறது (இது எவ்வளவு தூரம் முன்னேற்றம் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது). கூடுதல் புள்ளிகள் இப்போது பிறப்பைப் பார்த்து வருவதில்லை. அந்தப் பாத்திரம் முன்பு என்ன வேலை செய்தது, எங்கே வளர்ந்தது என்பதைப் பார்த்து வருகின்றன. ஆனாலும் கல்லைப் பற்றிய அறிவு மட்டும் புதுப் புத்தகத்திலும் குள்ளருக்குப் பிறவியிலேயே வருகிறது. அடுத்த ஆட்டத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, உங்கள் குள்ளர் அதை யாரிடம் கற்றார், எத்தனை வருடம் கற்றார், அதற்கு என்ன கூலி வாங்கினார் என்று எழுதி ஆடிப் பாருங்கள்.