ஒரு ஜோடி பழைய லாடம்

ஜோர்டானுக்குப் போகிற யோசனை இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் திட்டத்தில் இரண்டு விஷயங்கள் கண்டிப்பாக இருக்கும். ஒன்று, பெட்ரா. இரண்டு, வாடி ரம் பாலைவனத்தில் ஒரு ராத்திரி. (ரம் என்றதும் சப்புக்கொட்ட வேண்டாம். ஊர்ப் பெயர்தான். ராத்திரி அங்கே கிடைக்கப்போவது சர்க்கரை தூக்கலாகப் போட்ட கறுப்பு டீ.)

சிவப்பு மணல். மணலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கிற பாறை மலைகள். நடுவே ஒரு கூடாரம். பெதூயின் முகாம் என்று பெயர். பெதூயின் என்றால் பாலைவனத்து நாடோடி அரபி. கம்ப்யூட்டரைத் திறந்து, தேதியைக் குறித்து, கார்டு நம்பரைத் தட்டினால் தீர்ந்தது. உங்கள் பெயர், ஊர், எத்தனை மணிக்கு வருவீர்கள், சைவமா அசைவமா, எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் சரித்திரம் லேசாகச் சிரிக்கிறது. ஏனென்றால் இதே மனிதர்களின் பாட்டன் முப்பாட்டன்கள், கூடாரத்துக்கு வந்தவனிடம் பெயர் கேட்பதையே அநாகரிகம் என்று நினைத்தவர்கள். நீ யார், எந்தக் குலம், எதற்காக வந்தாய்? ம்ஹூம். மூன்று நாளைக்கு மூச்சு விடக்கூடாது. முதலில் காப்பி, பிறகு சோறு, பிறகு படுக்கை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாமும் சொல்வோம். ஆனால் நாம் சொல்வது, போதும் கிளம்பு என்கிற அர்த்தத்தில். அவர்கள் கணக்கு, மூன்று நாளும் மூன்றில் ஒரு பங்கும். அர்த்தம் நேரெதிர். அதுவரை வந்தவன் பகையாளிக் குலத்தவனாகவே இருந்தாலும், அவன் வயிற்றுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் கூடாரத்துக்காரர்தான் ஜவாப்தாரி.

என்ன பெருந்தன்மை என்று கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். பி.காம். படித்த என் புத்திக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. சத்திரம் இல்லை, சாவடி இல்லை, ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் நடுவே இரண்டு நாள் பயணம். இன்று நான் உனக்குச் சோறு போடாவிட்டால் நாளை வேறு யாரோ எனக்குப் போட மாட்டான். பேரேட்டில் எழுதாத பற்று வரவு. யார் கட்டுகிறார், யாருக்குத் திரும்பி வருகிறது என்றே பார்க்காத இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

ஆனால் இந்தச் சட்டம் கூடாரத்துக்குள் மட்டும்தான். வெளியே நீங்கள் விருந்தாளி இல்லை, வேட்டை. 1757ஆம் வருஷம் மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹஜ் பயணிகள் கூட்டத்தை பனீ சக்ர் குலத்தவர் தாக்கினார்கள். பட்டினியாலும் தாகத்தாலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஹஜ் பாதையில் தொந்தரவு செய்யாமல் இருக்க ஆட்டமன் அரசு குலங்களுக்கு வருஷாவருஷம் பணம் கொடுப்பது வழக்கம். அது ஒழுங்காகப் போய்ச் சேராத காலம். கூடவே வறட்சி. விருந்து போட்ட அதே கைதான்.

ஆகவே அந்தக் காலத்துப் பயணிக்குத் திட்டமிடுவது என்றால் ஒரே ஒரு வேலைதான். ரஃபீக் ஒருவரைப் பிடிக்கவேண்டும். ரஃபீக் என்றால் துணைவர். எந்தக் குலத்தின் மண்ணில் நடக்கிறீர்களோ அந்தக் குலத்து ஆள் கூட வரவேண்டும். எல்லை தாண்டினால் அடுத்த குலம், அடுத்த ஆள், அடுத்த கூலி.

பெட்ராவை ஐரோப்பாவுக்குக் காட்டிக்கொடுத்த பர்க்ஹார்ட் அப்படித்தான் போனார். வாடி ரம்முக்கு வடக்கே, இன்றைக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம். சுவிட்சர்லாந்துக்காரர். ஷேக் இப்ராஹிம் என்று பெயர் வைத்துக்கொண்டு, தாடி வளர்த்து, முஸ்லிமாக வேஷம். அதற்கு முன்னால் 1809இல் சிரியாவுக்குப் போனபோது என்ன வேஷம் தெரியுமா? இந்திய வியாபாரி! எங்கே, உங்கள் ஊர் பாஷை பேசுங்கள் பார்க்கலாம் என்று யாரோ கேட்க, மனிதர் கொஞ்சமும் அசராமல் சுவிஸ் ஜெர்மனை எடுத்துவிட்டார். கேட்டவர்களும் நம்பினார்கள்.

1812 ஆகஸ்டில் பெட்ரா பக்கம் வந்தவர், ஆரோன் சமாதியில் ஒரு ஆட்டைப் பலி கொடுப்பதாக நேர்த்திக்கடன் என்று புளுகினார். சமாதிக்குப் போகிற வழி, இடிபாடுகளுக்கு நடுவே போகிறது. வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரருக்குக் கூலி? ஒரு ஜோடி பழைய குதிரை லாடம். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். உலகமே ஓடிவந்து பார்க்கப்போகிற ஓர் ஊருக்கு முதல் டிக்கெட் விலை அதுதான்.

நூறு வருஷம் தாண்டுவோம். 1917. முதல் உலகப்போர். துருக்கியரை எதிர்த்து அரபுப் புரட்சி. பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸ், வாடி ரம்முக்கு வடகிழக்கே வாடி சிர்ஹானில் ஹுவைதாத் குலத்தவரின் விருந்தாளி. பிரம்மாண்டமான செம்புத் தாம்பாளத்தில் சோற்று மலை, மேலே முழு ஆட்டு இறைச்சி, உருகிய நெய். நாள் கணக்கில் இதே. சாப்பிட்டு மாளவில்லை என்று புலம்பியபடி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

ஹுவைதாத்தின் தளபதி ஔதா அபூ தாயி. நூறு கொள்ளை அடித்தும் மனிதர் கையில் காசு நிற்கவில்லை, எல்லாம் விருந்துக்கே போனது என்கிறார் லாரன்ஸ். யோசித்துப் பாருங்கள். கொள்ளை வரவு, விருந்து செலவு. இரண்டையும் சேர்த்தால்தான் பெதூயின் பாலன்ஸ் ஷீட் டேலி ஆகும்.

ஜூலை 6ஆம் தேதி அகபா துறைமுகம் விழுந்தது. செப்டம்பரில் ஹிஜாஸ் ரயில் பாதையைத் தகர்க்கப் போகும் வழியில் லாரன்ஸ் வாடி ரம்மில் தங்கினார். அந்தப் பாறைகளைப் பற்றி அவர் உருகி எழுதியதுதான் பின்னாளில் ஊருக்கு முதலீடு. இன்று உங்களுக்கு லாரன்ஸ் ஊற்று காட்டுவார்கள், லாரன்ஸ் வீடு காட்டுவார்கள். அவர் புத்தகத் தலைப்பை ஒரு மலைக்கே சூட்டி, ஏழு தூண்கள் என்று போட்டோ எடுக்கச் சொல்வார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டை நம்பாதீர்கள். மலைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை, தலைப்பு பைபிளிலிருந்து வந்தது.

சரி, கொள்ளை எப்போது நின்றது? 1930இல் கிளப் என்றொரு பிரிட்டிஷ் அதிகாரி ஈராக்கிலிருந்து வந்தார். கொள்ளையைத் தடுக்க அவர் ஆள் சேர்த்தது யாரை என்கிறீர்கள்? அதே பெதூயின்களை. தோள்பட்டை, சம்பளம், துப்பாக்கி, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி. பாலைவனப் போலீஸ் தயார். சில வருஷங்களிலேயே குலங்களுக்கு நடுவே கொள்ளை அடங்கிவிட்டது. ரம் கிராமத்தில் அவர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது.

நல்லதுதான். ஆனால் வரவுப் பக்கத்தில் ஒரு பெரிய வரி அடிபட்டுப்போனது. லாரி வந்ததில் ஒட்டகத்துக்கும் விலை போயிற்று. செலவுப் பக்கம் மட்டும் அப்படியே. விருந்தாளிக்குச் சோறு போட்டே ஆகவேண்டும்.

அந்த விருந்தாளியே ஒருநாள் வரவாக மாறினார். 1962இல் வெளிவந்த லாரன்ஸ் ஆஃப் அரேபியா படத்தின் பல காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. (அகபா காட்சிகளை ஸ்பெயினில் செட் போட்டு எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.) படத்துக்கு ஏழு ஆஸ்கர். 1984இல் மலையேறிகள் வந்தார்கள். வழி தெரிந்தவர்கள் ஆடு மேய்த்தவர்களும் வேட்டைக்குப் போனவர்களும்தான். அவர்களே கைடு ஆனார்கள். 1994இல் இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தம், எல்லை திறந்தது, பஸ் பஸ்ஸாக ஆட்கள். 1998இல் பாதுகாக்கப்பட்ட பகுதி. 2011இல் யுனெஸ்கோ பட்டியல். அதற்குப் பிறகு ஹாலிவுட் இந்த மண்ணைச் செவ்வாய் கிரகமாகவே நடிக்க வைத்துவிட்டது.

இனி உங்கள் ராத்திரிக்கு வருவோம். மாதம் மார்ச் முதல் மே, அல்லது செப்டம்பர் கடைசி முதல் நவம்பர். பாலைவனம்தானே என்று டிசம்பரில் ஒற்றைச் சட்டையோடு போனால் நடுங்கிச் சாவீர்கள். இடம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி மேலே. நட்சத்திரம்தான் குறி என்றால் காலண்டரில் அமாவாசை பாருங்கள். பௌர்ணமியில் மலைகள் ஜொலிக்கும், நட்சத்திரம் மங்கிவிடும். நுழைவுக் கட்டணம் 5 தினார். ஒரு தினார் நம் காசில் 100 ரூபாய்க்கு மேல். உங்கள் கார் கிராமத்தோடு சரி, அங்கிருந்து முகாமின் ஜீப். குளிக்கிற தண்ணீரில் கொஞ்சம் கை கட்டுப்பாடு. காலடியில் இருக்கும் டீசி நிலத்தடி நீர் ஆயிரக்கணக்கான வருஷப் பழசு. அதை 2013 முதல் 325 கிலோமீட்டர் குழாய் போட்டு அம்மான் நகரம் குடிக்கிறது.

முகாமைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முதலாளி யார்? பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே, டீசி கிராமத்துப் பக்கம், கண்ணாடிக் குமிழ் மாதிரி அறை கட்டி ஏசி போட்ட பெரிய முகாம்கள் உண்டு. வெளி முதலீடும் உண்டு. படுத்துக்கொண்டே வானம் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அது ஹோட்டல். ரம் கிராமத்துக் குடும்பம் நடத்துகிற பத்துக் கூடார முகாமில் மெத்தை மெலிசாகத்தான் இருக்கும். என் ஓட்டு அதற்கு. 2020இல் கொரோனா, அடுத்து 2023 அக்டோபர். சண்டை நடந்தது காஸாவில், முன்பதிவு ரத்தானது வாடி ரம்மில். பெரிய முதலாளி அந்த நஷ்டத்தை வேறு தொழிலில் ஈடுகட்டிக்கொள்வார். ஆட்டை விற்று ஜீப் வாங்கிய குடும்பம் எங்கே போகும்?

அங்கே போனால் ஆட்டு ரோமக் கூடாரம் இருக்கிறதா என்று பாருங்கள். முடி வீடு என்றுதான் அதற்கு அரபியில் பெயர். பெண்கள் நெய்வது. மழையில் நனைந்தால் இழை உப்பி ஓட்டை அடைத்துக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் மில் துணிதான். ராத்திரிச் சாப்பாடு ஸர்ப். கறியையும் காய்களையும் தட்டுத் தட்டாக அடுக்கி, தணல் போட்ட இரும்பு டிரம்முக்குள் இறக்கி, மணலால் மூடிவிடுவார்கள். எல்லாம் ஒரே டிரம்மில் வேகும். சைவக்காரர்கள் முன்னாடியே சொல்லிவிடுவது உத்தமம்.

கடைசியாகக் காப்பி. ஏலக்காய் மணக்கும், பால் கிடையாது, கைப்பிடி இல்லாத குட்டிக் கோப்பையில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் இல்லை. கோப்பை நிறைய ஊற்றினால்தான் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். வலது கையால் வாங்குங்கள். அந்தக் காலத்தில் ஏதாவது உதவி கேட்டு வந்தவர், கோப்பையைத் தொடாமல் கீழே வைத்துவிடுவார். கேட்டதைத் தருகிறேன் என்று கூடாரத்துக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பார். பெண் கேட்டுப் போகிறவர்கள் இன்றைக்கும் ஜோர்டானில் அப்படி வைக்கிறார்கள். அதனால் ஆறட்டும் என்று நீங்கள் பாட்டுக்குக் கீழே வைத்துவிடாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று குடிக்கலாம். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்கவேண்டும். வாயால் சொன்னால் நடக்காது, ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்.