முக்கிம்: நிலப்பட்டாவில் இருக்கும் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது?

மேருவில் வீடு வாங்கியவருக்கு நிலப்பட்டாவில் 'முக்கிம் காப்பார்' என்று கண்டதும் சந்தேகம் வரலாம். பிழை ஒன்றுமில்லை. கிள்ளான் மாவட்டத்தில் கிள்ளான், காப்பார் என இரண்டே முக்கிம்கள். மேரு இருப்பது காப்பாரில்.

மாநிலத்தை மாவட்டங்களாகவும் மாவட்டத்தை முக்கிம்களாகவும் பிரிக்கும் அதிகாரத்தை 1965 தேசிய நிலச் சட்டம் மாநில அரசுக்கு அளிக்கிறது. முக்கிமின் தலைவர் பெங்ஹுலு. 'முகீம்' என்ற அரபுச் சொல்லுக்கு ஓரிடத்தில் தங்கி வாழ்பவர் என்று பொருள். ஆளைக் குறித்த சொல் மலாய் மொழியில் இடத்தின் பெயராகிவிட்டது. தமிழில் 'வட்டம்' என்று எழுதலாமே எனத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் வட்டம் என்றால் தாலுகா. முக்கிம் என்றே எழுதுவது நல்லது. பாரத்தில் இருப்பதும் அதுதான்.

சிக்கல் பெயர்களில்தான். 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அதனால் பத்து, செத்தாப்பாக், உலு கிளாங் ஆகிய முக்கிம் பெயர்கள் கோலாலம்பூரிலும் உண்டு, கோம்பாக் மாவட்டத்திலும் உண்டு. பெட்டாலிங் கதையும் இதேதான். லாட் எண்ணும் முக்கிம் பெயரும் மட்டும் எழுதினால் எந்த நிலம் என்பது தெளிவாகாது. மாநிலம், மாவட்டம் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். கோலாலம்பூரில் மாவட்டம் கிடையாது. கூட்டரசுப் பிரதேசம் என்று குறிப்பிட்டால் போதும். புக்கிட் ராஜா என்றால் நமக்குக் கிள்ளான்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருள்ள முக்கிம் இருப்பதோ பெட்டாலிங் மாவட்டத்தில்!

தோட்டக் கோயில் நிலம் பற்றி மனு எழுதுவோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தலைமுறைகளாக நாம் சொல்லிவரும் தோட்டப் பெயரையோ டிவிஷன் பெயரையோ வைத்து நில அலுவலகம் கோப்பைத் தேடாது. அதற்கு முக்கிமும் லாட் எண்ணும் வேண்டும். தோட்டம் கைமாறி நிலம் கூறு போடப்பட்டிருந்தால் பழைய லாட் எண்ணும் மாறியிருக்கும். கையில் உள்ள பழைய ரசீதை மட்டும் நம்பாமல், முதலில் நில அலுவலகத்தில் தேடல் விண்ணப்பம் போட்டுப் பார்ப்பது நல்லது.

பட்டாவில் 'கெரான் முக்கிம்' என்றிருந்தால் அது மட்டமான பட்டா என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. 4 ஹெக்டேருக்கு மேற்படாத நாட்டுப்புற நிலத்திற்கு மாவட்ட நில அலுவலகத்தில் பதிவாகும் பட்டா அது. பெரிய நிலங்களுக்கும் பட்டண நிலங்களுக்கும் பதிவு மாநில அளவில் நடக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொன்று: முக்கிம் எல்லை வேறு, நகராண்மைக் கழக எல்லை வேறு. நில வரி நில அலுவலகத்துக்கு, மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்கு.