நானூறு குதிரைகளும் ஓர் எருதுப் பாதையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் காலைப் பேருந்தில் 15 ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கல்லாறு கடந்து பாதை மலையேறத் தொடங்கியபின் வரும் முதல் ஊர் பர்லியார். ஊர் என்பதைவிட வளைவை ஒட்டிய ஒரு தங்கல் என்பதே பொருந்தும். நான்கைந்து தேநீர்க் கடைகள், பழக்கூடைகள், கூடைகளைக் குறிவைத்து மரத்தில் காத்திருக்கும் குரங்குகள். பருவத்தில் மங்குஸ்தானும் துரியனும் பலாவும் விற்பார்கள். மலாய் நாட்டுப் பழங்கள் இங்கே விளைவதற்குக் காரணம் அருகிலுள்ள அரசுப் பழப்பண்ணை. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த இ. பி. தாமஸ் என்பவர் ஆர்வத்தால் வைத்த தோட்டம் அது. பின்னர் அரசின் கைக்கு வந்தது.

இந்தப் பர்லியாரில்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிவப்புக் காரைப் பார்க்கத் தொடங்கினேன். தரையோடு தரையாக ஊர்வது போன்ற உருவம். இருவர் அமரும் இடம். வளைவு திரும்புமுன்பே வந்துவிடும் உறுமல். முதல்நாள், யாரோ சுற்றுலாவுக்கு வந்த செல்வந்தர் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தது. அதன் மறுநாளும் வந்தது. மழைக்காலத்தில் சேறு தெறித்த நிலையில் வந்தது. மேலே ஏதோ அலுவலகத்துக்குத் தினமும் அந்தக் காரில் போகிறார் என்றார் தேநீர்க் கடைக்காரர். உண்மையைச் சொல்வதானால், எனக்கு அந்தக் காரின்மேல் ஓர் ஏளனம் இருந்தது. பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனின் ஏளனம் அது. அதில் பொறாமை எவ்வளவு, நியாயம் எவ்வளவு என்று அன்று பிரித்துப் பார்க்கவில்லை. பந்தயத்துக்குச் செய்த வண்டியை அலுவலகம் போய்வர ஓட்டுவது காலத்தின் ஊதாரித்தனம் என்று வகுப்பில்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

பின்னர் படித்துப் பார்த்தபோது, காலத்தின்மேல் போட்ட அந்தப் பழி செல்லாது என்று தெரிந்தது. சென்னையில் முதன்முதலாக மோட்டார் கார் ஓட்டியவராக வரலாறு எழுதியோர் குறிப்பிடுவது, பாரி நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரான ஏ. ஜே. யார்க் என்பவரை. ஆண்டு 1894. அவர் அந்த வண்டியைக் கொண்டு என்ன செய்தார் என்பதுதான் நம் பொருளுக்கு முக்கியம். அடையாற்றில் பென்ஸ் கார்டன்ஸ் என்ற இல்லத்திலிருந்து இன்று பாரிமுனை எனப்படும் இடத்திலிருந்த அலுவலகத்துக்கு நாள்தோறும் போய்வந்தார். நகரத்தில் வேறு யாரிடமும் இல்லாத, விலைமதிப்பு மிக்க ஓர் எந்திரம் அலுவலக வண்டியாகவே நம் மண்ணில் அறிமுகமாகியிருக்கிறது. ஆடம்பரமும் அன்றாடமும் இங்கே எதிரெதிராகத் தொடங்கவில்லை. ஒரே இருக்கையில் அமர்ந்தே வந்தன.

அவை பிரிந்தது பிறகுதான். பேருந்துகள் வந்தன. ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்துடன் தொடங்கியதைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. மோட்டார் வண்டி பலருக்கும் பொதுவான பிறகு, செல்வம் தன்னை வேறுபடுத்திக் காட்ட வேகத்தைத் தேர்ந்துகொண்டது. பந்தயத் திடலிலிருந்து பிறந்த கார்கள் தனியொரு குலமாயின. அவற்றின் இடுப்பு தாழ்ந்தது, இருக்கை குறைந்தது, சுபாவம் கடினமாயிற்று. வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து வைக்கும் பொருளாக அவை ஆயின.

அந்தக் குலத்தை மீண்டும் அன்றாடத்துக்கு அழைத்துவரும் முயற்சிகளும் நடந்தன. 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் பின்புறம் எஞ்சின் வைத்த ஒரு காரைக் காட்டியது. பின்னர் 911 என்று பெயர் பெற்றது அது. முன்னிருக்கைகளுக்குப் பின்னே இரு குழந்தைகள் அமரும் அளவுக்குச் சிறிய இருக்கைகளை விட்டுவைத்திருந்தார்கள். அந்த விட்டுக்கொடுத்தல்தான், தினமும் ஓட்டத்தக்க வேகக் கார் என்ற பெயரை அதற்கு வாங்கித் தந்தது. 1990இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் என்.எஸ்.எக்ஸ். என்ற காரைக் கொண்டுவந்தது. உருவாக்கத்தின்போது பிரேசில் நாட்டுப் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா அதை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்னது புகழ்பெற்ற செய்தி. ஆனால் அந்தக் காரின் உண்மையான சாதனை வேகம் அன்று. நான்கு புறமும் தெளிவாகத் தெரியும் கண்ணாடிகளும், அடிக்கடி பழுதாகாத இயல்பும், நெரிசலில் ஊர்ந்தாலும் முரண்டு பிடிக்காத பொறுமையும்தான். வேகக் காரை அன்றாட வண்டியாக்குவது என்றால் அதற்குப் பொறுமை கற்பிப்பது என்று பொருள்.

ஆகவே வண்டி தயார். பாதை தயாரா? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் நான் மலைப்பாதையின் வரலாற்றுக்குள் போனேன்.

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். அதையடுத்த சில ஆண்டுகளில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக ஒரு குதிரைப்பாதை வெட்டப்பட்டது. குன்னூர் வழியாக ஏறும் பாதை, சென்னை ஆளுநராக லஷிங்டன் இருந்த காலத்தில், 1830களின் தொடக்கத்தில் உருவானது. அது செங்குத்தானது, மனிதரும் குதிரையும் பல்லக்கும் ஏறலாம், பாரவண்டி ஏறுவது பெரும்பாடு. மலையில் காப்பியும் தேயிலையும் சின்கோனாவும் பெருகியபோது, ஏற்றிய வண்டியை எருதுகள் இழுத்துச் செல்லத்தக்க சாய்வில் ஒரு புதிய பாதை வேண்டியிருந்தது. அதை அமைத்தவர் கர்னல் லா. குன்னூருக்குக் கீழே உள்ள லாஸ் அருவி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1873இல் இருப்புப்பாதை மேட்டுப்பாளையத்தை எட்டியபின், ரயிலை விட்டு இறங்கியவர்கள் மட்டக்குதிரைகள் பூட்டிய டோங்கா வண்டிகளில், இடையிடையே குதிரைகளை மாற்றிக்கொண்டு, இந்தச் சாலையில்தான் மேலே போனார்கள்.

1899இல் மலைரயில் குன்னூர் வரை வந்தது. 1908இல் உதகையை எட்டியது. ரயில் தனக்கென வேறு வழியை அமைத்துக்கொண்டது. 12 அடி போனால் 1 அடி ஏறும் சரிவில், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது. சாலையோ சுற்றிச் சுற்றி, ஏறக்குறைய 20 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் மெல்ல ஏறிற்று. ஏனெனில் எருதால் அவ்வளவுதான் முடியும். வளைந்து திரும்பிய இடங்களெல்லாம் கொண்டையூசி வளைவுகள் ஆயின. இன்று அவை 14. பாதை பிறகு அகலப்படுத்தப்பட்டது, தார் போடப்பட்டது, தேசிய நெடுஞ்சாலை என்ற பெயரையும் பெற்றது. சாய்வும் சுற்றும் மட்டும் பெரும்பாலும் பழையவையே. நாம் இன்று ஓட்டிச் செல்வது ஓர் எருதின் மூச்சை அளந்து போட்ட கோட்டின்மேல்.

இங்கே ஒரு சிறு கணக்கு. தமிழ் படித்தவன் போடும் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். இயற்பியல் துறை நண்பரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். எந்திரத்தின் ஆற்றலை நாம் இன்றும் குதிரைத்திறன் என்றே சொல்கிறோம். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தைக் குதிரைகளோடு ஒப்பிட்டு விற்பதற்காக வகுத்த அளவு அது: ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் வேலை. 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், 20க்கு 1 என்ற ஏற்றத்தில், பேருந்துக்குப் பின்னால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக எத்தனை குதிரைகள் தேவை? மலையேற்றத்துக்கும் சக்கரங்களின் உராய்வுக்கும் சேர்த்து ஏழெட்டுக் குதிரைகள் போதும். அந்தச் சிவப்புக் காருக்குள் 400 குதிரைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், மீதி 392 குதிரைகளும் பர்லியார் முதல் குன்னூர் வரை சும்மா கனைத்துக்கொண்டு போகின்றன.

இந்தக் கணக்கைப் போட்ட நாளில் என் ஏளனம் சற்றே இரக்கமாக மாறியது. அந்தக் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே அரைச் சாண் இடைவெளி. மழை அரித்த பள்ளம் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு கண்டம். அதன் தடுப்புக்கட்டைகள் பெருவேகத்தை அடக்கச் செய்தவை. இங்கோ நிமிடத்துக்கு நாலுமுறை ஊர்தலை நிறுத்தும் வேலை. நின்று நின்று ஏறும்போது கிளட்சு சூடாகிறது. ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்ற மலைச்சாலைப் பாடம் அதற்கும் உண்டு, பாரம் ஏற்றிய லாரிக்கும் உண்டு. குறுகிய இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நாட்டின் சாலை விதி. அந்த விதி காரின் விலையைக் கேட்பதில்லை. எதிரே முட்டைக்கோசு ஏற்றிய வண்டி திணறி ஏறி வந்தால், இறங்கும் 400 குதிரைகளும் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும்.

நான் இதைத் தேநீர்க் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டுத் தேநீரை ஆற்றியபடியே சொன்னார்: "எத்தன கோடி குடுத்து வாங்குனாலும் நம்ம பஸ்ஸுக்குப் பின்னாலதானுங்க சார் வரோணும்."

இந்த வாக்கியத்தை ஏழையின் வெற்றிக் களிப்பாக வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. மலைச்சாலை எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது என்பது நல்ல செய்தி மட்டும் அன்று. அந்த வரிசையில் ஆம்புலன்சும் நிற்கிறது. குன்னூரிலிருந்து கோவைக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளியும் இதே 14 வளைவுகளில்தான் இறங்கியாக வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு பலரைப் பலிகொண்டபோது இந்த மலையின் பாதைகள் எவ்வளவு மெலிந்த இழைகள் என்று கண்டோம். 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போயின. அடுத்த பல நாள்கள் எங்கள் பேருந்தில் அந்த வளைவு வரும்போது பேச்சு தானாக நின்றது. 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் உதகைக்கு வேலைநாள்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர்ப் பதிவெண் கொண்டவற்றுக்கு விலக்கு உண்டு. பாதை பொதுச்சொத்து, அதில் ஒவ்வொருவரும் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்பதே இன்று இந்த மலையின் பெரிய கேள்வி. இருவர் அமரும் காரில் ஒருவர் மட்டும் போகும்போது அந்தக் கேள்வி கூர்மையாகிறது. ஐவர் அமரும் காரில் ஒருவர் மட்டும் போகும்போதும் அது மழுங்குவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சங்க இலக்கியம் கற்பிக்கும் எனக்கு இந்த இடத்தில் தேர் நினைவுக்கு வருவது இயல்பு. தேர் அன்றைய பெருஞ்செல்வரின் ஊர்தி. ஆனால் முல்லைத் திணையில் அது எதற்குப் பயன்படுகிறது? வினை முடித்த தலைவன் மாலைக்குள் வீடு திரும்புவதற்கு. வேலை முடிந்து வீடு திரும்புகிறவனின் அவசரம்தான் அந்தப் பாடல்களின் உயிர். விரைந்து செலுத்து என்று பாகனிடம் சொல்லாத முல்லைத் தலைவன் அரிது. அப்படியிருந்தும் அகநானூற்றின் 4ஆம் பாடலில், குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூவில் தாது உண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாதே என்று தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வேகத்தைக் குறைத்ததாகப் புலவர் சொல்லவில்லை, ஓசையைத்தான் அடக்கினான். வழியில் வேறு உயிர்கள் இருக்கின்றன என்ற நினைவு அவனுக்கு இருந்தது.

சென்ற பலாப் பருவத்தில் ஒரு மாலை. நான் இறங்கிவரும் பேருந்து பர்லியாருக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. பலாப்பழ வாசனைக்குக் கீழிறங்கி வந்த யானைகள் சாலையோரம் நின்றிருந்தன. ஒரு குட்டியும் உண்டு. முன்னும் பின்னும் வண்டிகள். யாரோ ஒருவர் பொறுமையிழந்து ஒலிப்பானை அழுத்த, தாய் யானை காதுகளை விரித்தது. எங்களுக்குப் பின்னால் அந்த உறுமல் கேட்டது. எனக்குப் பழைய கோபம் திரும்பியது. இனி என்ன ஆகுமோ என்று சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

சிவப்புக் கார் நின்றது. எஞ்சின் அணைந்தது. விளக்கும் அணைந்தது. ஓட்டி வந்தவர் கையை வெளியே நீட்டி, பின்னால் வந்தவர்களுக்கும் அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஒவ்வொன்றாக எஞ்சின்கள் ஓய்ந்தன. எங்கள் ஓட்டுநரும் அணைத்தார். அரைமணி நேரம் அந்த மலையில் ஆற்றின் ஒலியும் கிளை முறியும் ஒலியும் மட்டுமே கேட்டன. குட்டி கடந்தது, தாய் கடந்தது. பிறகு நாங்கள் புறப்பட்டோம். அவர் எங்கள் பேருந்துக்குப் பின்னாலேயே கல்லாறு வரை வந்தார்.

அவர் அகநானூறு படித்தவரா என்று எனக்குத் தெரியாது. தினமும் அதே பாதையில் போய்வருகிறவர் என்பது மட்டும் தெரியும்.