பத்துச் சிறுவரும் பதினைந்து மாணவரும்: கெடாத் தோட்டப் பள்ளிகளில் சட்டமும் செயற்பாடும்

பொதுச்சட்டம் ஒன்று நடைமுறைக்கு வரவேண்டுமாயின் அதனை நிறைவேற்றும் சட்டம் வேறொன்று வேண்டும். ஆஸ்திரிய அரசியலமைப்பின் 12ஆம் உறுப்பு இதனை வெளிப்படையாகவே பகுத்துரைக்கிறது: சில துறைகளில் கூட்டரசு கொள்கைகளை மட்டும் வகுக்கும், மாநிலங்கள் அவற்றை நிறைவேற்றும் சட்டங்களை இயற்றும். பாக்கார் ஆராங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை இந்நோக்கில் அணுகுவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், அரசு அறிவிக்கும் நாடுகளுக்கு, அறிவிக்கும் நிபந்தனைகளின்படியே உடலுழைப்பாளர் செல்லலாம் என்றது. 1923இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு உருவாயிற்று. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர் பத்துப்பேர் தோட்டத்திலிருப்பின் முதலாளி பள்ளி அமைத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஆயினும் கெடா அக்கூட்டமைப்பில் சேராத மாநிலம்; 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் மேலாண்மைக்கு வந்தது. கோலாலம்பூரில் இயற்றிய சட்டம் தானாகவே கோலா மூடா மாவட்டத்தை எட்டாது. கெடா அரசவையே அதனையொட்டித் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

பள்ளி வேண்டும் என்ற விதி, கற்பிப்பவர் யார், அவருக்குரிய பயிற்சி என்ன என்பனவற்றை முதலாளியின் விருப்பிற்கே விட்டுவிட்டது. எனவே பல தோட்டங்களில் கோயில் மண்டபமோ லயத்தின் ஓர் அறையோ பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். இதனால் அவ்விதியே வெறும் கண்துடைப்பு என்பாரும் உளர். நாம் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. 'பத்து' என்பது எண்ணிப் பார்க்கத்தக்க அளவு. தொழிலாளர் துறை அதிகாரி லயத்திற்குள் வந்து சிறுவரை எண்ணினால் துரை மறுமொழி கூறியாக வேண்டும். தரத்திற்கு அத்தகைய அளவுகோல் எதுவும் அன்று வகுக்கப்படவில்லை, குறை ஆண்டேயுள்ளது.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தபின் எண் மாறியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்தல் வேண்டும். இவ்வாசகம் சட்டத்தின் சொற்பொருள் விளக்கப் பகுதியில் இடம்பெற்றுள்ளது. பாடவேளை எது, ஆசிரியர் யார் என்பன அவ்வாசகத்தில் இல்லை. முன்பு சிறுவரை எண்ணும் பொறுப்பு அதிகாரியுடையது. இன்று பதினைந்து மாணவரின் பெற்றோரைத் திரட்டிக் கையொப்பம் பெறும் பணி பெற்றோரையும் தமிழாசிரியரையும் சார்ந்துள்ளது.